வல்லநாட்டுக்குப் பக்கம் எந்த ஏர்போர்ட்?

மறுபடியும் ஒருத்தர் அதே கேள்வியோட வந்துட்டார். "சார், லீவுக்கு ஊருக்குப் போறோம். திருவனந்தபுரத்துல இறங்கவா, சென்னை மாறி தூத்துக்குடிக்குப் போகவா? மேப்புல தூத்துக்குடிதான் வீட்டுக்குப் பக்கம்." மஸ்கட்ல இருக்கிற நம்ம பக்கத்து ஆளுங்க பாதிப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. கோபப்படாம எனக்குப் பதில் சொல்ல வரமாட்டேங்குது.

முதல்ல கணக்கு. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கும் தூத்துக்குடி வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டில சுமார் 125 கிலோமீட்டர். நாகர்கோவில், நெல்லை வழியா ரோட்டுல 180-ஐ ஒட்டி வரும். இதையே விமானத்துல போகணும்னா சென்னையைச் சுத்தணும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல! தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுக்கு இதைவிட உதாரணம் கிடையாது.

வட்டியை மட்டும் பார்க்காதீங்க, ப்ராசஸிங் சார்ஜையும் கூட்டிப் பாருங்கன்னு கடன் வாங்க வர்றவங்ககிட்ட தினமும் சொல்றவன் நான். ஆனா அம்மா தவறிட்டாங்கன்னு ராத்திரி தம்பி போன் பண்ணினப்போ இந்த பி.காம் மூளை வேலை செய்யலை. வாகைக்குளத்துல இறங்கினா வல்லநாடு கூப்பிடு தூரம்தானேன்னு சென்னை வழியா டிக்கெட் போட்டேன். விடியக்காலை சென்னை. இமிக்ரேஷன், பெட்டி, உள்நாட்டு முனையம், மறுபடி செக்கிங். அப்புறம் தூத்துக்குடி விமானம் லேட், லேட், லேட். ரெண்டு மணி வரைக்கும் வச்சுப் பார்த்திருக்காங்க. நான் வீட்டு வாசல்ல இறங்கினப்போ மணி நாலரை. எல்லாம் முடிஞ்சிருந்தது.

அதே காலையில மஸ்கட்லருந்து திருவனந்தபுரத்துல இறங்கின எங்க தெருக்காரர் ஒருத்தர், கார் பிடிச்சு பன்னிரண்டு மணிக்கு வந்து அம்மாவுக்கு மாலை போட்டுட்டார்.

"நம்ம ஊருக்குப் போக கேரளாவுல எதுக்குவே இறங்கணும்?"னு இன்னமும் எங்க அத்தான் கேக்கார். அந்த ஏர்போர்ட் திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்துல வந்தது. அப்போ நாகர்கோவிலும் அதே சமஸ்தானம்தான். 1956 நவம்பர் 1-ல கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்ந்துச்சு, ஏர்போர்ட் அந்தப் பக்கம் நின்னுடுச்சு. எல்லைக்கோடு நகர்ந்ததால தூரம் கூடிடுமா என்ன?

இன்னொரு கட்சி, தூத்துக்குடியில 2025 ஜூலையில புது முனையம் திறந்தாச்சேங்குது. சந்தோஷம். 1,350 மீட்டரா இருந்த ஓடுபாதையை 3,115 மீட்டர் ஆக்கியிருக்காங்க, பெரிய விமானம் இறங்கலாம். ஆனா இறங்கலாம்ங்கறது வேற, மஸ்கட்லருந்து நேரா வந்து இறங்குறது வேற. டிக்கெட்டுல அந்த நேர் விமானத்தைக் காட்டுங்க, நான் வாயை மூடிக்கறேன்.

ரோடு மட்டும் சொர்க்கமான்னு கேட்காதீங்க. பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம்னு ஒவ்வொரு ஊரிலயும் நிக்கணும். அஞ்சு மணி நேரம் சாதாரணமா ஆகும். அதனாலதான் சொல்றேன், ஊருக்கு ஊர் ஏர்போர்ட் கேட்டு மனு எழுதுற நம்ம சங்கங்கள் முதல்ல இதைக் கேட்கட்டும்: வளைகுடா விமானங்கள் வர்ற நேரத்துக்கு ஏத்த மாதிரி, நடு ராத்திரியா இருந்தாலும், ஏர்போர்ட் வாசல்லருந்தே நாகர்கோவில், நெல்லை, தூத்துக்குடிக்கு பஸ். ரெண்டு மாநிலமும் பேசினா போதும், ரன்வே எதுவும் போட வேண்டாம்.

கேள்வி கேட்ட நண்பரே, இன்னும் டிக்கெட் எடுக்கலைன்னா திருவனந்தபுரத்துக்கே போடுங்க. களியக்காவிளை தாண்டினதும் வீட்டுக்கு ஒரு போன் அடிச்சிடுங்க, சோறு வடிச்சு வைப்பாங்க.