எலுமிச்சம்பழம் கியர்பாக்ஸை சரி பண்ணாது

பதிவு கொஞ்சம் நீளம். புதுக் காடி எடுத்தவங்களும் எடுக்கப் போறவங்களும் பொறுமையா படிங்க.

நம்ம கோயில் வாசல்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்னா தெரியும், மாசத்துக்கு ரெண்டு மூணு புதுக் காடியாவது பூசைக்கு வருது. மாலை, சந்தனம், குங்குமம், நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடிச்சு, பழத்தை நசுக்கிக்கிட்டு காடி நகரும்போது அந்தக் குடும்பத்து முகத்தைப் பார்க்கணும். எனக்கும் அது சந்தோஷம்தான். ஆனா கொஞ்ச காலமா இன்னொரு கூட்டத்தையும் பார்க்கிறேன். பூசை போட்டு ரெண்டு மாசம்கூட ஆகாம திரும்பி வர்றவங்க. "காடி ராசி இல்லண்ணே, கண்ணு பட்டிருச்சி, பூசாரிகிட்ட சொல்லி ஏதாச்சும் பண்ணச் சொல்லுங்க." என்ன விஷயம்னு கேட்டா, கியர் மாறும்போது இழுக்குதாம். இல்லன்னா மஞ்சள் விளக்கு எரியுதாம், பின்னால பூட்டுக்குள்ள மழைத்தண்ணி நிக்குதாம்.

கண்ணு படுறதை நான் இல்லேன்னு சொல்லல. வீட்டுல நானும் சுத்திப் போடுறவன்தான். ஆனா புதுசா இருக்கிற எந்த மெஷினும் ஆரம்பத்துல தகராறு பண்றதுக்கு வேற காரணம் இருக்கு. நான் ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறேன். புது மெஷின் இறங்கினா முதல் சில வாரம்தான் எங்களுக்கு உயிர் போகும். எஞ்சினியருங்க இதைக் குளியல் தொட்டி மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டுவாங்க. ஆரம்பத்துல பழுது அதிகம், அப்புறம் இறங்கி ரொம்ப நாள் தரையோட தரையா போகும், கடைசியில தேய்மானம் வந்து மறுபடி ஏறும். சரியா முடுக்காத போல்ட், முழுசா உள்ளே போகாத வயர் சாக்கெட், மோசமான ஒரு பேட்ச்ல வந்த சென்சார், இதெல்லாம் தன்னைக் காட்டிக்கிறது அந்த முதல் வாரங்கள்லதான். காடியும் மெஷின்தானே. புதுக் காடியில பழுது வர்றது அதிசயமே இல்ல. வந்த பழுதை யார் சரி பண்ணணும், எப்படிப் பண்ண வைக்கிறது, அதுதான் விஷயம்.

இங்கேதான் நம்ம ஆளுங்க கை ஓங்காம போகுது. ஃபேக்டரியில மெஷின் வாங்கினா முழுக் காசையும் முன்னால கொடுக்க மாட்டாங்க. ஓட்டிப் பார்த்து, சொன்ன அளவுக்கு உற்பத்தி வந்தப்புறம்தான் கடைசிப் பகுதி கைக்குப் போகும். அந்தக் காசு நிக்கிற வரைக்கும் வித்தவன் போன் எடுப்பான். காடியில அப்படி இல்ல. நம்ம டவுன் பேமென்டும் பேங்கு கொடுக்கிற மீதியும் சேர்ந்து விற்பனைக்காரருக்கு முழு விலையும் போயிடுது. அவர் கணக்கு முடிஞ்சது. நம்ம கணக்கு ஒன்பது வருஷம் வரைக்கும் போகும். காசு நம்ம கையில இல்லாதப்போ நம்மகிட்ட மிச்சம் இருக்கிறது பேப்பர் ஒன்னுதான். அந்தப் பேப்பரைத்தான் நம்ம மக்கள் வாங்காம வந்துடுறாங்க.

அன்னதானத்துக்குக் காய் நறுக்க வர்ற ஒரு தம்பியோட கதையைச் சொல்றேன். பேர் வேணாம், எந்தக் காடி, எந்த செர்விஸ் சென்டர்னும் வேணாம். செமோர்ல இருந்து தாசேக் பக்கம் காலை ஷிஃப்டுக்குப் போறவன். காடி எடுத்த மூணாவது வாரம், கிளேபாங் டிராஃபிக் லைட்டுல நின்னு எடுக்கும்போது பின்னால யாரோ மோதின மாதிரி ஒரு உதை. நாலு தடவை செர்விஸுக்குப் போனான். நாலு தடவையும் அவங்க ஓட்டிப் பார்த்துட்டு "நார்மல்தான், பழகிடும்"னு அனுப்பிட்டாங்க. வீட்டுல அம்மா அந்தக் காடியில ஏறவே மாட்டேன்னுட்டாங்க. பையன் வித்துடலாம்னு விலை கேட்டான். கிடைக்கிற காசு பேங்குக் கடனை அடைக்கவே பத்தாது, டவுன் பேமென்ட் போனது போனதுதான்.

அவன் வச்சிருந்த நாலு ஜாப் ஷீட்டையும் கொண்டு வரச் சொன்னேன். ஒன்னுல 1,000 கிலோமீட்டர் முதல் செர்விஸ். மத்த மூணுலயும் ஒரே வரி: "சூடா பெரிக்சா, ஓகே." கியர்ங்கிற வார்த்தையே எங்கேயும் இல்ல. அதாவது பேப்பர் கணக்குப்படி அவன் காடிக்கு ஒரு நாளும் பழுது வந்ததே இல்ல!

ஃபேக்டரியில ஷிஃப்ட் புக்குல "மெஷின் சரியில்ல"ன்னு எழுதினா நான் கிழிச்சுப் போட்டுடுவேன். எத்தனை மணிக்கு, ஓட ஆரம்பிச்சு எவ்வளவு நேரத்துல, என்ன வேகத்துல, என்ன சத்தம், அதை எழுதணும். காடிக்கும் அப்படியே. "காலையில முதல் ஸ்டார்ட், பத்து நிமிஷத்துக்குள்ள, முதல் கியர்ல இருந்து ரெண்டாவதுக்குப் போகும்போது உதைக்குது, சூடானப்புறம் இல்ல" இப்படி அவன் வாயால சொன்னதை அப்படியே மலாய்ல எழுதிக் கொடுத்தோம். அதை ஜாப் ஷீட்டுல ஏத்தினப்புறம்தான் சாவியைக் கொடுக்கணும்னு சொல்லி அனுப்பினேன். அவங்க இதுவரைக்கும் ஓட்டிப் பார்த்தது மதியம், எஞ்சின் சூடா இருக்கும்போது. உதை எப்படி வரும்? இந்தத் தடவை காடியை ராத்திரி அங்கேயே விட்டுட்டு, காலையில மெக்கானிக்கைப் பக்கத்துல உட்கார வச்சு அவனே ஓட்டினான். மூணாவது நிமிஷம் உதைச்சது. பாகம் வர அஞ்சு வாரம் ஆச்சு, ஆனா வாரண்டியில மாத்திக் கொடுத்தாங்க.

இதுல மெக்கானிக்கைத் திட்டி ஒன்னும் ஆகாது. பாகத்தை வாரண்டியில மாத்தணும்னா அவங்க தயாரிப்பாளருக்கு ஆதாரம் காட்டணும். ஆதாரம் நம்ம கொடுத்தா அவங்களுக்கும் லேசு. கவுண்டர்ல நிக்கிற பொண்ணுகிட்ட கத்துறவங்களைப் பார்த்திருக்கேன். அந்தப் பிள்ளையா கியர்பாக்ஸ் செஞ்சுச்சு? டிக்டாக்ல கம்பெனி பேரைப் போட்டுத் திட்டுறதும் வேணாம், வக்கீல் கடிதம் வந்தா யார் பதில் சொல்றது.

எழுதிக் கேட்டும் செய்யலன்னா சட்டம் இருக்கு. 1999-ம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 32. வித்த பொருள் ஏத்துக்கக்கூடிய தரத்துல இருக்கணும்: பாதுகாப்பா, நீடிச்சு உழைக்கிற மாதிரி, சின்னக் குறைகூட இல்லாம. வாரண்டி புக்குல என்ன பொடி எழுத்துல போட்டிருந்தாலும் இந்த உரிமையை எடுத்துட முடியாது. நியாயமான காலத்துக்குள்ள சரி பண்ணிக் கொடுக்கலன்னா அடுத்த நிவாரணம் கேட்கலாம். ஆனா பொருளே வேணாம்னு திருப்பிக் கொடுக்கணும்னா நாள் கடத்தக் கூடாது. கடத்தினா அந்த உரிமை போயிடும். பார்த்துக்கலாம், தைப்பூசம் முடியட்டும், தீபாவளி முடியட்டும்னு இருக்கிறவங்களுக்குத்தான் இதைச் சொல்றேன். பெரிய கம்பெனிக்கே இது நடந்திருக்கு. புஞ்சாக் நியாகா நிறுவனம் வாங்கின மெர்சிடிஸ் திரும்பத் திரும்ப தகராறு பண்ணி, மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய் இதே சட்டத்துல ஜெயிச்சாங்க.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேணாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் ஈப்போவிலேயே இருக்கு. மனு போட 5 வெள்ளி. வக்கீல் கிடையாது, நம்மளே பேசலாம். 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், 3 வருஷத்துக்குள்ள போடணும். காடி விலை 50,000-ஐத் தாண்டுதேன்னு விட்டுடாதீங்க. பழுது பார்த்த செலவு, இழுத்துட்டுப் போன செலவு அந்த அளவுக்குள்ளதானே வரும். அங்கே முதல்ல கேட்கிறது பேப்பர்தான்.

சிங்கப்பூர்ல 2012 செப்டம்பர்ல இருந்து இதுக்குன்னே ஒரு சட்டம். வாங்கின 6 மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா அது வாங்கும்போதே இருந்த பழுதுன்னு எடுத்துக்குவாங்க. இல்லேன்னு நிரூபிக்க வேண்டியது வித்தவர் பொறுப்பு. அந்தச் சட்டத்துக்கு 'லெமன்' சட்டம்னு பேர். தகராறு பிடிச்ச காடியை வெள்ளைக்காரன் எலுமிச்சைன்னுதான் சொல்றான், நம்ம அதை டயருக்கு அடியில வைக்கிறோம்! இங்கேயும் அப்படி ஒன்னு வேணும்னு பயனீட்டாளர் இயக்கங்கள் ரொம்ப வருஷமா கேட்டுக்கிட்டு வர்றாங்க. என்னைக் கேட்டா அந்தச் சட்டத்துல உசத்தி அந்த ஆறு மாசக் கணக்குதான். நிரூபிக்கிற பாரம் நம்ம தலையில இருக்கிற வரைக்கும், படிப்பு கம்மியா இருக்கிறவங்கதான் முதல்ல தோத்துப் போறாங்க.

ஒரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதை. "காடியை சரி பண்ணாம மாசக் காசு கட்ட மாட்டேன்"னு சில பேர் கோவத்துல நிறுத்திடுறாங்க. வாடகைக் கொள்முதல்ல கடைசித் தவணை முடியிற வரைக்கும் காடி பேங்குக்குச் சொந்தம். தொடர்ந்து ரெண்டு மாசம் கட்டாம விட்டா, 21 நாள் நோட்டீஸ் கொடுத்துட்டு இழுத்துட்டுப் போக 1967-ம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்குது. வித்தவர் மேல கோவம்னா பேங்குக்கும் ஒரு கடிதம் போடுங்க. காசை மட்டும் நிறுத்தாதீங்க. எங்க அப்பா அம்மா காலத்துல பெரட்டுக்கு நடந்தே போனாங்க, கித்தா மரம் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்துச்சு. இப்போ தோட்டம் போய் தாமான் வந்து, வேலை எங்கேயோ இருக்கு. விடியற்காலை ஷிஃப்டுக்கு எந்த பஸ் இருக்கு? காடி போனா வேலையும் போச்சு.

இன்னொன்னும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. காடி எடுக்கப் போகும்போது நல்ல நேரம் பார்க்கிறோம். சேல்ஸ்மேனுக்கும் அது தெரியும். "அங்கிள், ராகு காலம் வரப் போகுது, சீக்கிரம் சைன் பண்ணுங்க"ம்பார். நம்மளும் பெயிண்டைப் பார்க்காம, டயரைப் பார்க்காம, ஏர்கோன் போட்டுப் பார்க்காம, எல்லாம் சரியா இருந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடுறோம். முதல் நாளே பகல் வெளிச்சத்துல போய் நிதானமா பாருங்க. குறை இருந்தா அந்தப் பாரத்திலேயே எழுதச் சொல்லுங்க. சாவியை மட்டும் நல்ல நேரத்துல வாங்குங்க. சாமிக்கு அதுல ஒரு வருத்தமும் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு மூணு மணி வரைக்கும் மண்டபத்துலதான் இருப்பேன். நடுவர் மன்றத்து பாரம் நிரப்பத் தெரியாதவங்க ஜாப் ஷீட், வாரண்டி புக், பேங்குப் பத்திரம் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு வாங்க. மலாய்ல எழுதிக் கொடுக்க நம்ம பிள்ளைங்க ரெண்டு பேர் இருக்காங்க. காடி பூசைக்கு வர்றவங்க வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள்ள வந்துடுங்க, அதுக்கப்புறம் வாசல்ல நிறுத்த இடம் இருக்காது.