குழிதானா நம் ஆஸ்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

பந்தல்குடிப் பூமியில் கோடிக்கணக்கான வருஷங்களாக உறைந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல்லை இரண்டு மூன்று தலைமுறைக்குள் வெட்டியெடுத்துச் சிமெண்டாக்கித் தீர்த்துவிட்டால், பின்வரும் சந்ததிக்கு நாம் விட்டுச்செல்லும் ஆஸ்தி யாது என்ற கேள்வியைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எழுப்ப விரும்புகிறேன்.

மழையை நம்பிய இந்த வானம்பார்த்த சீமையில் கல் பலருக்குச் சோறு போடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் லாரி போகும் பாதையோரத்து வேப்பிலையை விரலால் துடைத்தால் வெண்பொடி அப்பிக்கொள்கிறது. அக்கல் சூளையில் வேகும்போது, நூறு கிலோவுக்குச் சுமார் 44 கிலோ கரியமில வாயுவாகி ஆகாசத்தில் கலப்பதால், நஷ்டம் நம் கரிசல்காட்டோடு நிற்பதுமில்லை.

சுரங்கத்தால் பாதிக்கப்படுவோரின் க்ஷேமத்துக்கென, பாதிப்புள்ள ஜில்லாதோறும் கனிம அறக்கட்டளை அமைக்க 2015-ஆம் வருஷத்துச் சட்டத்திருத்தம் வகை செய்திருக்கிறது. அந்த அறக்கட்டளையின் நிதியில் ஒரு பங்கைக் கண்மாய்களைத் தூர்வாரவும், வரத்துக்கால்களில் மண்டிய சீமைக்கருவேலை அகற்றவும், கல் தீர்ந்த குழிகளில் இயன்றவற்றை மழைநீர்த் தேக்கங்களாக்கவும் ஒதுக்குவதே நியாயம். கல் மறுபடி விளையாது; தண்ணீரையாவது மிச்சம் வைப்போம்.

இங்ஙனம்,
பந்தல்குடி வாசகர் ஒருவர்