யுத்தம் எப்போது நியாயம்?

உசிலம்பட்டிப் பக்கத்துத் தோழர் ஒருவர் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1987-ல் "அமைதிப்படை" என்னும் பெயரால் இலங்கைக்கு அனுப்பப்பட்டுச் சண்டையிட்டுத் திரும்பியவர். அவர் மகன் இப்போது பட்டாளத்தில் சேரப் புறப்பட்டிருக்கிறானாம். "நம்முடையது வீர வம்சம்; சண்டை நமக்குப் பிறவிக் குணம்" என்று ஊரார் அவனைத் தட்டிக்கொடுக்கிறார்களாம். "பக்கத்தில் விழுந்தவனைத் தூக்கியவன் நான். பிறவிக்காக என் பிள்ளை சாகலாமா?" என்று நம்மைக் கேட்கிறார்.

நியாயமான கேள்வியேயாகும். கொல்லத் தயங்கிய அர்ஜுனனுக்குக் கீதையில் கிருஷ்ணன் சொன்ன சமாதானமும் இதுதானே! நீ க்ஷத்திரியன், சண்டை உன் தர்மம், ஆத்மா சாவதில்லை என்றான். ஆத்மா சாகாதென்றால் பிள்ளையை இழந்த தாய் எதற்காக அழுகிறாள்?

வெள்ளைக்கார சர்க்காரும் இதே பிறவிக் கணக்கைத்தான் போட்டது. சில ஜாதியாருக்குப் "போர்க்குலம்" என்று பட்டம் கொடுத்தது. வேறு சிலருக்குக் "குற்றப்பரம்பரை" என்று பெயரிட்டுக் கைரேகை கேட்டது. கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி ஒரு பெண் உள்பட 16 பேர் போலீசாரால் கொல்லப்பட்டார்கள். பிறவி வீரம் நிஜமென்றால் பிறவிக் குற்றமும் நிஜமாக வேண்டும். ஒன்றை ஒப்பிக்கொண்டு மற்றொன்றை மறுப்பது எப்படி?

இதனால் யுத்தமே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. பிறவியையே குற்றமாக்கி 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஹிட்லர் ஆட்சியை மனுப்போட்டு நிறுத்தியிருக்க முடியுமா? 1945-ல் ஆயுதந்தான் அதை ஒழித்தது. அது நியாயமே. ஆனால் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல் ரத்தானது யுத்தத்தினால் அல்ல, கிளர்ச்சியினால்.

ஆகவே, எந்த யுத்தத்தையும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மனிதனை மனிதன் அடக்குவதைத் தடுக்கவா, அல்லது அடக்கவா? மற்ற வழிகளெல்லாம் பார்த்தாயிற்றா? யுத்தம் வேண்டுமென்கிறவன் தன் பிள்ளையையும் அனுப்புவானா?

தோழர் தம் மகனைத் தடுக்க வேண்டியதில்லை. உத்தியோகமென்று சேரட்டும், வம்சமென்று சேர வேண்டாம். உத்தரவு வந்த பிறகு சிப்பாய் கேள்வி கேட்க முடியாது. அவனுக்காக முன்கூட்டியே கேட்க வேண்டியவர்கள் ஓட்டுப் போடுகிற நாம்தான். அதைக் கேட்காமல், செத்தபிறகு மாலை போட்டு வீர வம்சமென்று பேசுவதில் என்ன யோக்கியதை இருக்கிறது?