'மொ'வும் 'உம்'மும்

நம் பிள்ளைகள் ஜப்பானிய மொழியை ஆங்கிலம் வழியாகப் படிப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஓய்வுக்காலப் பொழுதுபோக்காக நானும் அதை எழுத்துக்கூட்டிப் படித்து வருவதால் சொல்கிறேன்.

அந்த மொழியில் பெரிய சொற்கள் அவ்வளவு தொல்லை தருவதில்லை. ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன. 'மொ' என்று ஓர் ஒட்டு. ஆங்கிலப் புத்தகம் அதற்கு இடத்துக்கு இடம் வேறு வேறு பொருள் எழுதி வைத்திருக்கிறது. தமிழனுக்கு ஒரே சொல் போதும்: 'உம்'. 'வதாஷிமொ' என்றால் 'நானும்'. 'ஃபுத்தெமொ' என்றால் 'பெய்தாலும்'. 'தரெமொ இனாய்' என்றால் 'யாரும் இல்லை'. அதே 'தரெ'யோடு 'கா' சேர்ந்து 'தரெகா' ஆனால் 'யாரோ'. நம் ஓகாரம் செய்கிற வேலை!

தொல்காப்பியர் இவற்றுக்கென்றே சொல்லதிகாரத்தில் இடையியல் என்று ஓர் இயல் வைத்தார். உம்மைக்கு மட்டும் எட்டுப் பொருள் சொன்னார். அந்த இயலைப் படித்த பிள்ளை ஜப்பானிய ஒட்டுகளைக் கண்டு மிரளாது.

வினையிலும் இப்படித்தான். 'மிரு' என்றால் 'பார்'. 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்'. 'வஸவஸ' என்றொரு வினையடை, நம் 'மெனக்கெட்டு'. "மெனக்கெட்டு வந்தீர்களே" என்றால் நன்றி. "மெனக்கெட்டு இதைச் சொல்ல வந்தாயாக்கும்" என்றால் குத்தல். அங்கேயும் அதே இரட்டை முகம். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோதும் எங்களுக்குத் தமிழ்தான் கைகொடுத்தது. 'ஆங்கோர்' என்ற ஒரு சொல் 'இன்னும்' என்றும் வரும், 'மறுபடியும்' என்றும் வரும். எது எங்கே என்று மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தே பிரித்தோம்.

பேராசிரியர் சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த வழக்கு எப்படி முடிந்தாலும் நமக்கு நட்டமில்லை. வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் பொதுவாக இருக்கின்றன. படிப்பவனுக்கு அது போதும்.

எல்லாம் அப்படியே பொருந்தும் என்றும் சொல்லமாட்டேன். எழுவாயோடு 'வா' வருமா 'ங்கா' வருமா என்பதில் தமிழ் பாதி தூரம்தான் துணை வரும். "நான் திருவதிகை" என்பதற்கும் "நான்தான் திருவதிகை" என்பதற்கும் உள்ள வேறுபாடு ஓரளவு விளக்கும். ஆனால் சும்மா "மழை பெய்கிறது" என்றாலும் அங்கே 'ங்கா' வரும். நம்மிடம் 'தான்' வராது. அந்த மீதியை அங்கேயேதான் கற்கவேண்டும்.

இதில் இலக்கண ஆசை மட்டும் இல்லை. 2021 ஜனவரியில் இந்தியாவும் ஜப்பானும் செய்த உடன்பாட்டின்படி, திறன் தேர்வும் மொழித் தேர்வும் தேறியவர்கள் முதியோர் பராமரிப்பு உள்ளிட்ட பல துறைகளில் அங்கே வேலைக்குப் போகலாம். நம் கடலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி அங்கே ஒரு பாட்டிக்குச் சோறு ஊட்டுகிறாள் என்று வையுங்கள். பாட்டி தட்டைத் தள்ளி "மோ இய்" என்கிறாள். இந்த 'மோ' நெடில், பொருளும் வேறு: 'இனி'. வயிறு நிறைந்துவிட்டதா, கோபமா, வாழ்வே போதும் என்ற சலிப்பா? ஆங்கிலப் புத்தகத்தில் இருப்பது 'போதும்' என்ற பொருள் ஒன்றே. தன் பாட்டி "போதும்டி எனக்கு" என்று சொல்லிக் கேட்டவளுக்கு அந்தக் குரல் புரியும். அதேபோல் "ச்சொத்தொ முஸுகஷீ", அதாவது "கொஞ்சம் கஷ்டம்", என்று அதிகாரி சொன்னால் முடியாது என்று அர்த்தம். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய நமக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்!

ஆகவே ஜப்பானியம் தெரிந்த தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஒட்டுகளையும் வினையடைகளையும் தமிழ் வழியாகவே விளக்கி, கைக்கடக்கமான புத்தகம் ஒன்று எழுதுங்கள். போகிற பிள்ளைகளுக்கும் பயன். அவர்கள் கையால் சாப்பிடப்போகிற கிழவர்களுக்கும் பயன்.