சோம்பலுக்கு அஜைல் என்று பெயர் வைக்காதீர்கள்

"ஸ்பிரின்டுக்கு ஸ்பிரின்ட் கோட் மாறுகிறது, ஆவணம் எழுதுவது வீண்வேலை, கோடே ஆவணம்" என்று வாதிடுபவர், சாட்சிக்கு 2001ஆம் ஆண்டின் அஜைல் அறிக்கையை இழுக்கிறார். அதை அவர் பாதிதான் படித்திருக்கிறார். அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் கூடிய 17 பேர், விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளுக்கு முதலிடம் தந்தார்கள். பின்னுக்கு வைத்தவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரியை மறைத்துவிட்டு வாதிடுவது நேர்மையல்ல.

கோட் என்ன செய்கிறது என்பதை கோட் சொல்லும். எதைத் தொடக்கூடாது, கோளாறு வந்தால் முதலில் எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடலில் நடந்ததைப் பாருங்கள். புதிய கோடை 8 சர்வர்களில் ஏற்ற வேண்டும், ஒன்றில் விட்டுப்போயிற்று. 2003லேயே கைவிட்ட பழைய கோட் அதில் அப்படியே கிடந்தது. சந்தை திறந்ததும் அது உயிர்பெற்று ஆர்டர்களை அள்ளி வீசியது. பதறிய குழு, சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏற்றியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வ நடைமுறையே அங்கு இல்லை என்று பங்குச்சந்தை ஆணையம் 2013ல் கண்டித்தது. கோடுக்கு அங்கே பஞ்சமே இல்லை.

தப்பான ஆவணம், இல்லாத ஆவணத்தைவிட ஆபத்து என்கிறார் ஆவணம் வேண்டாம் என்பவர். உண்மைதான். எங்கோ ஒரு விக்கியில் தனியாகப் போட்டுவைத்து, ரிலீஸுக்கு முந்தின நாள் டெக்னிகல் ரைட்டர் தலையில் கட்டினால் அது தப்பாகத்தான் போகும். கோட் இருக்கும் ரெப்போவிலேயே ஆவணமும் இருக்கட்டும். ஒரே புல் ரிக்வெஸ்டில் இரண்டும் வரட்டும். ஆவணம் மாறாவிட்டால் மெர்ஜ் கிடையாது என்று ரிவ்யூ செய்பவர் சொல்லட்டும். ஜாங்கோ திட்டம் புது வசதிக்கு இதைத்தான் கேட்கிறது. ரஸ்ட் மொழியில், ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளை கார்கோ டெஸ்ட் ஓட்டிப் பார்க்கிறது. ஃபங்ஷனை மாற்றி எடுத்துக்காட்டு பொருந்தாமல் போனால் டெஸ்ட் தோற்கும். பைதானுக்கு இதே வேலையைச் செய்யும் டாக்டெஸ்ட் வந்தது, அஜைல் அறிக்கை வந்த அதே 2001ல். இத்தனை வழி இருந்தும் முடியாது என்பவருக்கு மனம்தான் இல்லை.

ஆவணம் எழுதாவிட்டால் நேரம் மிச்சமாம். யாருடைய நேரம்? புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒவ்வொரு சீனியர் மேசைக்கும் போய்க் கெஞ்சுகிறது. நள்ளிரவில் ஆன்-காலில் இருப்பவர், வேலையை விட்டுப் போனவருக்கு போன் போடுகிறார். ஆவணம் வீண்வேலை என்பவரின் வாதத்தில் இவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.