படம் போட்டால் புரிந்துவிடுமா?

ஆய்வு மக்களிடம் போய்ச் சேரவில்லையா, படமாகப் போடுங்கள், தானாகப் புரியும் என்பது இப்போது எங்கும் கேட்கும் வைத்தியம். நீலகிரியின் மண்சரிவு வரைபடத்தை ஊட்டியின் காந்தல் பகுதியில் ஒரு வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பார்த்தால், இந்த நம்பிக்கை எவ்வளவு தாங்கும் என்று தெரியும். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் சரிவு வாய்ப்புள்ள இடங்களை 1:50,000 அளவில் வரைந்திருக்கிறது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். காந்தலில் அந்த மில்லிமீட்டருக்குள் மேல்வரிசை வீடு, கீழ்வரிசை வீடு, நடுவில் தடுப்புச் சுவர், சுவரோரச் சாக்கடை எல்லாமே அடங்கிவிடும். வட்டாரத்தைத் திட்டமிடுகிறவருக்கு அந்த வரைபடம் அருமையானது, அவருக்காகத்தான் வரைந்தார்கள். பின்சுவரில் தண்ணீர் கசிவதைப் பார்த்துப் பயப்படும் குடும்பத்துக்கு அதில் கிடைப்பது ஒரு நிறம் மட்டுமே. அந்த நிறமும் எங்கே சரியலாம் என்று சொல்லுமே தவிர, எப்போது என்று சொல்லாது.

எண்கள் குழப்பும், படம் உண்மையைச் சட்டென்று காட்டும் என்பது அடுத்த வாதம். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை, அந்தச் சில நாட்களில் மாவட்டத்தில் மண்சரிவில் இறந்தவர்கள் நாற்பது பேருக்கு மேல். 2019 ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ.; உயிரிழப்பு அதைவிட மிகக் குறைவு. இரண்டு மழையையும் பட்டை வரைபடமாகப் போட்டால் கண்ணில் விழுவது, குறைந்த சேதம் நடந்த ஆண்டின் உயரமான பட்டைதான். அவலாஞ்சியைச் சுற்றி சோலையும் புல்வெளியும் காடும்; கேத்தியில் மலைச்சரிவை வெட்டிய காய்கறித் தோட்டங்கள், வீடுகள், சாலைகள். 2019க்குள் நிர்வாகமும் முன்கூட்டியே ஆட்களை வெளியேற்றப் பழகியிருந்தது. எத்தனை செ.மீ. என்பதோடு, எந்தச் சரிவில், யார் தலைக்கு மேல் என்ற கேள்வியும் உண்டு. பட்டையில் அதற்கு இடமில்லை. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் பார்ப்பவரைத் தவறான முடிவுக்கு வேகமாகக் கொண்டுபோகிறது. வேகம்தானே அதன் பெருமை!

படமே போதும் என்பவர்கள் எப்போதும் காட்டும் சாட்சி, லண்டனில் மருத்துவர் ஜான் ஸ்னோ வரைந்த காலரா வரைபடம். நோயைப் பரப்புவதாக அவர் சொன்ன பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியை 1854 செப்டம்பர் 8 அன்று கழற்றினார்கள்; புகழ்பெற்ற அந்த வரைபடம் அச்சில் வந்தது அதற்குப் பிறகு. கழற்ற வைத்தது, இறந்தவர்கள் எங்கே தண்ணீர் எடுத்தார்கள் என்று அவர் விசாரித்துச் சேர்த்த தகவல். நோய் ஏற்கெனவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். விசாரணையின் பலனைப் படத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

இவை மோசமான படத்தின் குறைகள், நல்ல கதையாக வரைந்தால் தீரும் என்பார்கள். பாதி உண்மை. வீட்டுக்காக மேட்டைச் செங்குத்தாக வெட்டுவது, அடைபட்ட வடிகால், ஆழம் வரை சிதைந்த பாறை மண்ணுக்குள் இறங்கும் நீர், உள்ளே ஏறும் அழுத்தம், பிறகு சரிவு என்று வரிசையாகக் குறுக்குவெட்டில் வரைந்தால் எந்த வரைபடத்தையும்விட அது உதவும். அங்கே புரிய வைப்பது காரணங்களின் தொடர்ச்சி. படம் அதைத் தாங்கி நிற்கிறது. அதற்கும் ஒரு விலை உண்டு. கதை ஒரே வில்லனைத் தேடும். ஒருவர் மேட்டை வெட்டினார் என்று வரைவது சுலபம். பத்தாண்டுகளில் நகரம் வளர்ந்த விதத்தை நான்கு கட்டத்தில் அடக்குவது அவ்வளவு சுலபமில்லை.

மழை கொட்டும்போது இதையெல்லாம் யார் யோசிப்பார்கள், ரெட் அலர்ட் போதாதா என்று கேட்கலாம். அன்றைக்கு இரவு வீட்டை விட்டு வெளியேற அது போதும். ஆனால் சுவரில் நீர்வடியும் துளைகள் விடுவதா, மேட்டை இன்னும் இரண்டடி வெட்டுவதா என்று கொத்தனாரோடு பேசி முடிவெடுப்பது வெயில் காலத்தில். அப்போது எந்த அலர்ட்டும் வருவதில்லை.