தோற்றவனுக்கு உபதேசம்

சூதில் தோற்றவனுக்கு உபதேசம் செய்யப் பலர் புறப்பட்டிருக்கிறார்கள். ஆத்திரத்தை அடக்க வேண்டுமாம். தோல்வியைச் சமநிலையோடு ஏற்க வேண்டுமாம். கைபேசியில் போக்கரும் ரம்மியும் பரப்புகிற கனவான்களும் இதையே ஓதுகிறார்கள். இந்தப் போதனையால் இலாபம் அடைகிறவன் யார் என்று நாம் கேட்கிறோம்.

கணக்கைப் பாருங்கள். நால்வர் தலைக்கு 1000 ரூபாவோடு அமர்கிறார்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் சேரும் 100 ரூபாவில் 5 ரூபா மேசைக்காரனுக்கு. நால்வரும் சம திறமையுடையவர்கள் என்றே கொள்வோம். 800 ஆட்டங்களில் அவன் எடுப்பது 4000 ரூபா. நால்வரின் முதலும் அதுதான். இதில் எவன் மனத்தை அடக்கி என்ன பயன்?

பாக்கு நீரிணைக்கு அப்பால், 2023 நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் எனச் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்ட நுட்பத்தை வழக்கறிஞர்கள் பேசட்டும். நம்மை உறுத்துவது 'திறமை' என்ற அந்தச் சொல். அதிர்ஷ்டம் கைவிட்டதென்றால் விதியை நொந்துகொண்டு எழுந்து போகலாம். திறமையில்லை என்றால் தன்னையல்லவா வெறுப்பான்? இழந்த மதிப்பை மீட்கவென்றே மறுபடியும் காசு வைப்பான்!

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இது புதிய கதையன்று. நம் வடமோடிக் கூத்துக்கள் பல பாரதக் கதையைச் சொல்பவை. தெற்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மனுக்கு விழாவெடுத்து, பாண்டவர் வனவாசத்தை நிகழ்த்தி, தீயும் மிதிக்கிறோம். அந்த வனவாசம் சூதினால் வந்தது. நாட்டையும் தம்பியரையும் தோற்ற தருமன் தன்னையே பணயம் வைத்தான்; பிறகு மனைவியை வைத்தான். அவன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று திரௌபதை கேட்டாள். வீட்டுமன் தருமம் நுட்பமானது என்று நழுவினான். வீமன் கொதித்தான். மனத்தை அடக்கி வாய் திறவாமல் இருந்தவன் தருமன். அந்த அடக்கத்தால் பயனடைந்தவன் துரியோதனன் அல்லவா?

வாவியில் வலை வீசி வெறுங்கையோடு திரும்பும் மீனவனும் இழக்கிறான். காற்றையும் நீரோட்டத்தையும் ஏசுவானேயன்றி, தான் மனிதனே அல்லன் என்று அவன் எண்ணுவதில்லை. தொழிலறிவு அவன் கையிலேயே இருக்கிறது. (மீன் வாங்கும் முதலாளி அவனையும் விட்டுவைப்பதில்லை, அது வேறு வழக்கு.)

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நம்மிடையே ஒருவன் தோற்றுத் தலைகுனிந்து வந்தால் பொறுமையைப் பற்றிய பிரசங்கம் வேண்டாம். கரும்பலகையில் அந்த 4000 ரூபாக் கணக்கை எழுதிக் காட்டுவோம். பிறகு, கடன் கொடுத்தவன் வாசலுக்கு அவனைத் தனியே அனுப்பாமல் நாமும் கூடப் போவோம்.